உட்கார அனுமதி

எங்கள் டீச்சரிடம் வெறும் பெயர்ச்சொல்லைச் சொல்லிவிட்டு யாரும் தப்பிவிட முடியாது. முதல் நாள் அவர் முன்னால் போய் நின்று, "டீச்சர், எனக்கு இங்கிலீஷ்ன்னா ஆசை" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆசைன்னா? என்ன செய்ய ஆசை?"

"பேச."

"அப்பிடிச் சொல்லு. ஆசைய மட்டும் கொண்டுவந்து என் மேசையில வச்சா நான் என்ன செய்யிறது?"

எனக்குச் சுருக்கென்றது. அப்போது எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. பதுளை கடைவீதியில் ஒரு புடவைக்கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கடையின் மேல்மாடியில்தான் சனிக்கிழமை காலைகளில் டீச்சரின் வகுப்பு நடக்கும். எல்லாம் கொரோனாவுக்கு முந்திய கதை. கீழே துணி வெட்டும்போது மேலேயிருந்து விழும் இங்கிலீஷைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்த ஆசையே வந்தது. இந்த அம்மா வாயைத் திறந்ததும் கடிக்கிறாரே, திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தபோது அடுத்த கேள்வி வந்தது.

"யார் மேல கோவம்?"

"எனக்கா? எதுக்கு டீச்சர்?"

"கோவம் இல்லாதவங்களுக்கு இங்கிலீஷ் ஏறாது. வீணா சனிக்கிழமையக் கெடுத்துக்காத. யார் மேல?"

ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "என் புருஷன் மேல. கொழும்புக்கு வேலைக்குப் போறேன், தீவாளிக்கு வந்துருவேன்னுட்டுப் போனாரு. வரல்ல. அங்க வேற குடும்பமாம்."

டீச்சர் அப்போதுதான் என்னை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி. "நல்லா ஏறும். உக்காரு" என்றார்.

அன்றைக்கே எனக்கென்று ஒரு வாக்கியம் கரும்பலகையில் ஏறிவிட்டது. ஹிஸ் ப்ராமிஸ் டு கம் பேக். திரும்பி வருவதாக அவன் கொடுத்த வாக்கு. ப்ராமிஸ் என்று மட்டும் சொன்னால் அது நொண்டி என்று டீச்சர் விளக்கினார். அதன் பின்னால் ஒரு 'டு' வரவேண்டும், 'டு'வுக்குப் பின்னால் ஒரு வேலை வரவேண்டும். அந்த வேலையும் வந்தான், வருவான் என்று காலம் காட்டக்கூடாது. வெறும் வேலையாக நிற்கவேண்டும். "வந்தானா வரல்லியான்னு அந்த வாக்கியத்துக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்" என்றார். அந்த வாக்கியத்தைப் பாயில் உட்கார்ந்து, பஸ்ஸில் நின்று, துணி வெட்டும்போது கத்தரிக்கோல் சத்தத்தோடு சேர்த்து என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ. சொல்லச் சொல்ல வாய் இனித்தது. இலக்கணம் இனித்ததா, அவன் மேலிருந்த காய்ச்சல் இனித்ததா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

வகுப்பில் எல்லாருக்கும் இப்படி ஒரு எதிரி உண்டு. பண்டாரவளையிலிருந்து வருகிற பெண்ணுக்கு ஒரு பஸ் கண்டக்டர். ஹிஸ் ஃபெயிலியர் டு ஸ்டாப் த பஸ் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். மருந்துக்கடையில் நிற்கிற ஒருத்தருக்கு அவருடைய சொந்த அண்ணன். மை பிரதர்ஸ் பிளான் டு சீட் மீ. என்னை ஏமாற்ற அண்ணன் போட்ட திட்டம். சான்ஸ், ரைட், பெர்மிஷன், டிசிஷன் என்று எந்தப் பெயர்ச்சொல்லைக் கொடுத்தாலும் அதன் வாலில் எங்கள் ஆளைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவோம். டீச்சர் கேட்டுக்கொண்டே நடப்பார். சரியாக இருந்தால் "கிராமர் சரி, உக்காரு" என்பார். அதற்கு மேல் ஒரு பாராட்டும் கிடையாது. அந்த "உக்காரு" கிடைக்கும்வரை நின்றுகொண்டே இருக்கவேண்டும்.

நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'டு' டீச்சர். அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

வாரநாட்களில் ஒரு வக்கீல் கந்தோரில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அங்கே அடித்து அடித்தே அந்த இங்கிலீஷ் வந்ததாம். கல்யாணம் செய்யவில்லை. ஆம்பிளைகள் போடுகிற சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றை வெயிலிலும் கழற்றமாட்டார். தேத்தண்ணி குடிக்கமாட்டார். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த மனுஷி தேத்தண்ணி குடிக்காமல் இருப்பது எங்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஒரு போத்தலில் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவருவார், அதையும் நின்றுகொண்டேதான் குடிப்பார். அவருக்கென்று முதலாளி கொடுத்த கதிரை ஒன்று மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதலாளி நல்ல மனுஷன். வாடகை பற்றிப் பேசாமல் மாடியைக் கொடுத்திருந்தார். அவரையும் டீச்சர் விட்டுவைக்கவில்லை. பெருநாள் வியாபாரத்துக்குக் கடை வாசலில் ஓஃபர் என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார். டீச்சர் படியேறுமுன் நின்று, "முதலாளி, ஓஃபர்ன்னு மட்டும் போட்டிருக்கீங்க. என்ன செய்ய ஓஃபர்?" என்றார். முதலாளி கும்பிடாத குறை. "டீச்சர், சனத்துக்கு அது போதும். நீங்க வெளங்கப்படுத்தப் போனா வாற ஆளும் ஓடிரும்."

டீச்சரிடம் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு ஒன்று உண்டு. "நம்ம பாஷையில வேலைதான் முன்னால வரும். போக அனுமதி. பேச உரிமை. திரும்பி வர வாக்கு. வேலையச் சொல்லிட்டுத்தான் பேரச் சொல்றோம். இங்கிலீஷ்ல பேரு முன்னால ஜம்முன்னு போகும், வேலை பின்னால ஓடிவரணும். தொரைமாரு பாஷை, வேற எப்பிடி இருக்கும்?" இதைச் சொல்லும்போது மட்டும் லேசாகச் சிரிப்பார். பிறகு உடனே முகம் இறுகிவிடும்.

வகுப்பை அவர் நடத்திய விதத்தைச் சொல்லவேண்டும். தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை, எந்தத் தேயிலை நிரை என்று வேலை பிரிப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். பிந்தி வந்தவர்களை ஒதுக்கி நிற்கச் சொல்வார்கள். பெயரைக் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. கூப்பிடும்வரை அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது. டீச்சர் வகுப்பும் அச்சு அசல் பெரட்டுத்தான். நாங்கள் வரிசையாக நிற்போம். பெயர் கூப்பிடுவார். ஆளுக்கொரு பெயர்ச்சொல்லைப் பிரித்துக் கொடுப்பார். "உனக்கு டிசிஷன். நிரைய முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு." பிந்தி வந்தவர்கள் வாசலோரம் ஒதுங்கி நிற்கவேண்டும். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்த எங்களுக்கு இது சிரிப்பாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

எங்கள் எதிரிகளைக் கரும்பலகையில் ஏற்றுவதற்கு முன்னால் டீச்சர் தன்னுடைய உதாரணம் ஒன்றை எழுதுவார். எந்தப் பெயர்ச்சொல்லானாலும் அந்த உதாரணத்தில் வருகிற ஆட்கள் மாறமாட்டார்கள். தோட்டத்துக் கந்தோரில் கணக்குப் பார்க்கிற ஒரு கிளாக்கர், ஒரு லொறி, ஒரு சின்னப் பிள்ளை. த கிளாக்கர்ஸ் ரிஃபியூஸல் டு கிவ் த லொறி. லொறியைத் தர கிளாக்கர் மறுத்தது. த கர்ள்ஸ் அட்டெம்ப்ட் டு ஸ்பீக். பேசுவதற்கு அந்தப் பிள்ளை செய்த முயற்சி. ஏதோ புத்தகத்தில் இருப்பதை எழுதுகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

வகுப்பில் படித்த ஒருத்தியின் கல்யாணத்துக்குத் தெமோதரைப் பக்கம் பஸ்ஸில் போனபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு வளைவு வரும். அங்கே டீச்சர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"இந்த எடத்துலதான் அந்த லொறி எங்களத் தாண்டிப் போச்சி."

"எந்த லொறி டீச்சர்?"

"போர்டுல எழுதுறேனே, அது."

அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மாவுக்குப் பிள்ளைவலி வந்து இரத்தம் நிற்காமல் போனது. விடிகாலை. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தோட்டத்தில் இருப்பது ஒரே லொறி. அவர்கள் லயத்தில் இங்கிலீஷ் படிக்கிற ஒரே பிள்ளை டீச்சர்தான். பெரிய கிளாக்கரிடம் இங்கிலீஷில் கேட்டால் மறுக்கமாட்டார் என்று நம்பி அப்பா இவரைப் பெரட்டுக்கு அனுப்பினார்.

"ஓடுனேன். பெரிய கிளாக்கர் பேர் கூப்புட்டுக்கிட்டு இருந்தாரு. நம்ம சாதி சனந்தான், வெள்ளைக்காரன் இல்ல. என்னடின்னாரு. இங்கிலீஷ்ல சொல்லத் தொடங்குனேன். லொறி, ஹொஸ்பிட்டல், மதர். அதுக்கு மேல வரல்ல. அவருக்குச் சிரிப்பு வந்துருச்சி. பக்கத்துல நின்ன தொரையும் சிரிச்சாரு. 'லொறிக்கு என்ன? ஹொஸ்பிட்டலுக்கு என்ன? ஒதுங்கி நின்னு முழுசா யோசி, கூப்புடுறேன்'ன்னாரு. ஒதுங்கி நின்னேன். பெரட்டு முடிஞ்சிது. கூப்புடல்ல. எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க. கூப்புடுவாருன்னு நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அவரு கந்தோருக்குள்ள போயிட்டாரு."

அம்மாவைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆட்கள் ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து லொறியும் அதே ஸ்டேஷனுக்குத்தான் வந்தது. இந்த வளைவில் ஹோன் அடித்து வழி கேட்டிருக்கிறது. இவர்கள் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றிலிருந்த பிள்ளையும் போய்விட்டது.

நான் அழுதேன். டீச்சர் அழவில்லை. "அந்த ஆளு உசிரோடதான் இருக்காரு. பென்சன் எடுத்துக்கிட்டு பதுளையிலதான் எங்கயோ இருக்காராம். குடுத்திருக்கலாம், குடுக்கல்லன்னு அந்த ஆளு வாயால வரணும். இங்கிலீஷ்ல, நாலு பேரு முன்னால, முழுசா வரணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்" என்றார். கல்யாண வீட்டில் இறங்கி, ஒன்றும் நடக்காதவர் மாதிரி மணப்பெண்ணின் தலையில் பூவைச் சரிசெய்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கிளாக்கர் எதிரியாகிவிட்டார். எங்கள் அப்பா பெரட்டில் ஒதுங்கி நின்ற காலைகள் எனக்கும் ஞாபகம் உண்டு.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை புதுப்பிள்ளை ஒருத்தி படியேறி வந்தாள். இருபது வயது இருக்கும். நல்ல குடை, நல்ல சப்பாத்து. டீச்சர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யார் மேல கோவம்?"

பிள்ளை தயங்கவேயில்லை. "தாத்தா மேல டீச்சர். நர்ஸ் படிக்க எடம் கெடச்சிச்சி. அந்த வேலையெல்லாம் நம்ம குடும்பத்துக்கு வேணான்னு தடுத்துட்டாரு. இங்கிலீஷ் மட்டும் படிக்கலாமாம். வீட்டுக்குப் போன ஒடன அவருகிட்ட ஒப்புவிக்கணும். அவருக்கு இங்கிலீஷ்ன்னா உசிரு."

"உங்க தாத்தா என்ன செஞ்சாரு?"

அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "அங்க பெரிய கிளாக்கரா இருந்தவரு."

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்தார். ஸ்வெட்டரின் பொத்தானைப் பூட்டினார், திறந்தார், மறுபடியும் பூட்டினார். பிறகு எல்லார் முன்னாலேயும் அந்தப் பிள்ளையிடம் ஒளிக்காமல் சொன்னார். "இங்க நாங்க படிக்கிறது உங்க தாத்தாவோட கதை. அவரு லொறி குடுக்காம எங்கம்மா செத்தாங்க. போர்டுல அதுதான் வரும். நீ அதத்தான் வீட்டுல ஒப்புவிக்கணும். ஒத்துவராதுன்னா இப்பவே போயிரலாம். நான் கொறையா நெனைக்கமாட்டேன்."

பிள்ளை கீழே பார்த்தாள். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒப்புவிக்கிறேன் டீச்சர்" என்றாள்.

பழிவாங்குவதென்றால் ஆள் வைத்து அடிப்பது, சாபம் விடுவது என்றுதான் எனக்குத் தெரியும். கிழவரின் வீட்டுக்குள்ளேயே, அவருடைய பேத்தியின் வாயாலேயே, அவருக்கு உயிரான இங்கிலீஷிலேயே ஊசி ஏற்றலாம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்துக் கிடந்தேன். பிள்ளை வந்ததும் எல்லாரும் சுற்றிக்கொள்வோம்.

முதல் வாரம் கிழவர் ரிஃபியூஸல் என்பதன் உச்சரிப்பைத் திருத்தினாராம். வாக்கியம் நல்லாயிருக்கு, உங்க டீச்சருக்கு விஷயம் தெரியுது என்று பாராட்டினாராம். அடுத்த வாரம், த கர்ள்ஸ் அட்டெம்ப்ட் டு ஸ்பீக் என்று சொன்னதும் இன்னொருமுறை சொல்லச் சொன்னாராம். அதற்கடுத்த வாரம் டீச்சர் எழுதியது, ஹெர் ஃபாதர்ஸ் டிசிஷன் டு வோக். நடந்தே போவது என்று அப்பா எடுத்த முடிவு. அதைக் கேட்டதும் கையில் வைத்திருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உங்க டீச்சர் எந்தத் தோட்டம்?" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"உண்மையச் சொன்னேன் அக்கா. அடுத்த வாரத்துலருந்து வேற எடத்துக்குப் போன்னாரு. பிழை இருந்தாச் சொல்லுங்க தாத்தா, போறேன்னேன். அவரால ஒரு பிழையும் சொல்ல முடியல்ல."

நாங்கள் கைதட்டாத குறை. டீச்சர் மட்டும் கரும்பலகையைத் துடைத்தார். அன்றைக்கு எழுதியது, த டிரைவர்ஸ் ஃபெயிலியர் டு ஸ்டாப். லொறியை நிறுத்தாமல் டிரைவர் போனது. அந்த வாரம் கிழவர் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாராம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கி, பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், மாடிப்படியில் மெதுவாக ஒரு சப்பாத்துச் சத்தம் ஏறி வந்தது. வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். பழைய கோட்டு, நனைந்த குடை. முகத்தில் மட்டும் இன்னும் அந்தக் கந்தோர் மிடுக்கு இருந்தது. பிள்ளை, "தாத்தா" என்று வரிசையை விட்டு நகர்ந்தாள். டீச்சர் அவளை அங்கேயே நிற்கச் சொல்லிக் கையால் காட்டினார்.

கிழவர் இங்கிலீஷில் உள்ளே வர அனுமதி கேட்டார். என்ன அழகான இங்கிலீஷ்! எனக்கு அதைக் கேட்கவே பற்றிக்கொண்டு வந்தது.

டீச்சர் வெண்கட்டியை நீட்டினார். "இங்க நாங்க பேர்ச்சொல்லு படிக்கிறோம். அதுக்குப் பின்னால ஒரு வேலை வரணும். உங்க வாக்கியத்த எழுதி வாசிங்க."

அவர் கரும்பலகைக்குப் போனார். எழுத்து கோடு போட்ட மாதிரி வந்தது. எழுதிவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஐ ஹேட் த பவர் டு கிவ் த லொறி. லொறியைத் தர எனக்கு அதிகாரம் இருந்தது. பிறகு அதன் கீழே இன்னொன்று எழுதினார். அதை யாரும் கேட்கவில்லை. ஐ ஹேட் நோ ரீசன் டு ரிஃபியூஸ். மறுக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அதையும் வாசித்தார்.

டீச்சர் கேட்டது அத்தனையும் வந்துவிட்டது. அவர் வாயால், இங்கிலீஷில், நாலு பேர் முன்னால், முழுசாக. நான் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிராமர் சரி" என்றார் டீச்சர்.

அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். எங்களுக்கெல்லாம் அதற்குப் பின்னால் வருகிற "உக்காரு" வரவில்லை. கிழவர் காத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், எனக்கு வயசாகிருச்சி. நீங்க ஒரு வார்த்தை—"

"பிந்தி வந்தவங்க ஒதுங்கி நில்லுங்க. பேரக் கூப்புடுறேன்."

கிழவர் வாசலோரம் போய் நின்றார். கால் நடுங்கியது எனக்கே தெரிந்தது. டீச்சருக்கும் தெரிந்திருக்கவேண்டும். மேசைக்குப் பக்கத்தில் கிடந்த தன் கதிரையை அவரே தூக்கிக்கொண்டு போய்க் கிழவருக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. கிழவர் கதிரையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். காலமெல்லாம் பெரட்டு நடத்திய மனுஷனுக்கு அந்த முறை எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒதுங்கி நிற்கிற ஆள் பெயர் கூப்பிடும்வரை உட்காரக்கூடாது. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை நின்றார். டீச்சர் எல்லார் பெயரையும் கூப்பிட்டார். அவர் பெயரைக் கூப்பிடவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். கீழே இறங்கிவந்து துணி வெட்டும்போது கை தாளம் போட்டது.

கிழவர் அதோடு விடுவார் என்று நினைத்தோம். விடவில்லை. அடுத்த சனிக்கிழமை எங்களுக்கெல்லாம் முந்தி வந்து, கடை திறக்கும் முன்பே குடையோடு நின்றுகொண்டிருந்தார். முதலாளிதான் கதவைத் திறந்துவிட்டார். பிந்தவில்லை என்பதால் வரிசையின் கடைசியில் நின்றார். பெயர் கூப்பிடும்போது நிமிர்ந்து நின்று கேட்டார். அவர் பெயர் வரவில்லை. தானாகவே வாசலோரம் ஒதுங்கிக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். அதற்கடுத்த சனியும் அப்படித்தான். டீச்சர் ஒவ்வொரு வாரமும் மறக்காமல் கதிரையைத் தூக்கிக் கொண்டுபோய்ப் போடுவார். பேத்தியின் இங்கிலீஷ் தேறி, எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் வேலை கிடைத்து, அவள் வகுப்பை விட்ட பிறகும் கிழவர் விடவில்லை.

ஒருநாள் முதலாளிக்கே பொறுக்கவில்லை. "வயசான மனுசன் டீச்சர். இரிங்கன்னு ஒரு சொல்லு சொன்னா என்ன?" என்றார். எனக்கும் அதே நினைப்பு வர ஆரம்பித்திருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

"கதிரை போட்டிருக்கேன் முதலாளி" என்றார் டீச்சர். "கூப்புடுறேன்னு சொல்லிட்டுக் கூப்புடாமப் போனவரு அவரு. கூப்புடுவாருன்னு எவ்வளவு நேரம் நின்னேன்னு அவருக்குத் தெரியவேணாமா?"

"தெரிஞ்சிருச்சி புள்ள. இன்னும் எவ்வளவு?"

டீச்சர் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினார். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பிறகு ஒரு சனிக்கிழமை வாசலில் கிழவர் இல்லை. நாங்கள் வரிசையில் நின்றோம். டீச்சர் கதிரையைத் தூக்கிக் கொண்டுபோய் வழக்கமான இடத்தில் போட்டார். பெயர் கூப்பிட்டார். எல்லார் பெயரும் முடிந்தது. அதோடு நிறுத்துகிறவர் அன்றைக்கு நிறுத்தவில்லை. வாசலைப் பார்த்து, தோட்டத்துப் பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி நல்ல சத்தமாக, இன்னொரு பெயரைக் கூப்பிட்டார். பெரிய கிளாக்கரின் முழுப்பெயர். அதுவரை எங்களுக்கு அந்தப் பெயரே தெரியாது.

சத்தம் கேட்டு முதலாளி மேலே ஓடிவந்தார். "டீச்சர், ஒங்களுக்குத் தெரியாதா? அவர் நேத்து மூச்சடங்கி மவுத்தாகிட்டார். காலையில பேத்தி எனக்குப் போன் எடுத்துச் சொன்னிச்சி."

"எனக்கும் சொன்னிச்சி முதலாளி."

"அப்ப ஏன் கூப்புடுறீங்க?"

"பேரக் கூப்புட்டுப் பாத்துட்டுத்தான் ஆள் இல்லன்னு சொல்லணும். அதுதான் முறை."

வாசலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எங்களில் யாராவது கூப்பிட்டதும் பதில் சொல்லாவிட்டால் எவ்வளவு நேரம் பார்ப்பாரோ, அவ்வளவு நேரம். "ஆள் இல்ல" என்றார். பிறகு வேலை பிரித்துக் கொடுக்கவேண்டும். கரும்பலகைக்குப் போனார், வெண்கட்டியை எடுத்தார். கிளாக்கர் என்று எழுதினார். அதை அழித்தார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னைக்கி நீங்களே ஏதாவது பேசிக்கிட்டு இருங்க" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இல்லாத டீச்சரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன லயத்துக் காம்பிரா மாதிரி, வெறும் அறை மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு வகுப்பு அதிக காலம் ஓடவில்லை. புதிதாக வந்தவர்களிடம் யார் மேல் கோபம் என்று கேட்பதையும் விட்டுவிட்டார். புத்தகத்திலிருந்து உதாரணம் எழுதினார். த பாய்ஸ் விஷ் டு பிளே என்று ஒருநாள் எழுதினார். அதைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்காரர் அடுத்த வாரம் வரவில்லை. கடைசியில் வெலிமடையில் இருக்கும் தம்பி வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். போகிற அன்று மாடியைக் கூட்டிப் பெருக்கி, கொத்தமல்லிப் போத்தலைக் கழுவிப் பையில் வைத்தார். கதிரையை நான் கீழே இறக்கப் போனேன்.

"அத முதலாளிகிட்ட கேட்டு நான் வாங்கிட்டேன். நீ வீட்டுக்குக் கொண்டு போ. எனக்கு வேணாம்" என்றார்.

"எனக்கு எதுக்கு டீச்சர்?"

"உனக்குத்தான் இன்னும் ஆள் பாக்கி இருக்கே" என்றார்.

இப்போது நான் அந்தக் கடையில் பில் போடுகிற மேசையில் இருக்கிறேன். டூரிஸ்ட் வந்தால் நான்தான் பேசுவேன், பிழையில்லாமல் பேசுவேன். டீச்சரைப் பற்றிப் பேச்சு வந்தால், கடைசியில் அந்த மனுஷி கிழவரை மன்னித்திருக்கலாம் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் செய்த பிழை வேறு. கிழவரின் முதுகு ஒடியும் முன்பே ஒருநாள் பெயரைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, எதிரில் நின்று திட்டித் தீர்த்திருக்கவேண்டும். கோபத்தை ஒற்றை ஆளிடம் கொடுத்துவைத்தார். அவன் செத்ததும் அதையும் கொண்டுபோய்விட்டான்.

நான் அப்படிச் செய்யமாட்டேன். என் புருஷனுக்கு இப்போது கொழும்பில் சுகமில்லையாம், அந்தக் குடும்பமும் விட்டுவிட்டதாம், ஊர்ப்பக்கம் வரப் பார்க்கிறானாம். எல்லாம் காதில் விழுகிறது. வரட்டும். டீச்சரின் கதிரையைத் துடைத்து என் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில்தான் போட்டிருக்கிறேன். வருகிற அன்று அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன், சீனியும் போடுவேன். உட்காரச் சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்துகொள்வேன்.